புளியங்கொட்டை பத்து எடுங்கள்: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு

முதலில் போனில் இருக்கும் டைமரை அணைத்துவிடுங்கள். மனக்கணக்கு என்றதும் நம்மில் பலருக்கு வேகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரியவளுக்கு ஆறு வயது நடக்கும்போது அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லித்தருவது என்று முடிவு செய்தோம். தினமும் காலையில் இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடி என்று இரண்டு மாதம் ஓட்டினேன். "ஏழும் ஆறும்?" என்று கேட்டால் "பன்னெண்டு... பதினாலு... பதிமூணு" என்பாள். சரியாகத்தானே சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, ஒருநாள் என் மாமியார் சொன்னார், "அவ கணக்குப் பாக்கலம்மா, உன் மூஞ்சியப் பாக்குறா." அடுத்த நாள் திரும்பி உட்கார்ந்துகொண்டு கேட்டேன். இருபதில் ஐந்துக்குத்தான் சரியான விடை வந்தது. என் புருவம் எப்போது இறங்குகிறது என்பதைத்தான் அந்த இரண்டு மாதமும் அவள் படித்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தூக்கி வைத்துவிட்டு, நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது அவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு ஐந்து. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பை ஒட்டிய வீடு எங்களுடையது. புதிதாக வீட்டுக்கல்வியில் இறங்கும் அம்மா அப்பாக்கள் யாராவது கேட்டால் நான் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். நான்கிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது சரியாக இருக்கும்.

மனக்கணக்கு என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தக்காளி 56 ரூபாய், கத்தரிக்காய் 35, கொத்தமல்லிக் கட்டு 10. கடைக்கார அம்மா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "அம்பத்தாறும் நாலும் அறுபது, மிச்சம் முப்பத்தொண்ணு, தொண்ணூத்தொண்ணு, ஒரு பத்து, நூத்தியொண்ணு... நூறு குடும்மா." அவர் 35-லிருந்து 4-ஐ உடைத்து 56-க்குக் கொடுத்து, அதை முழுப் பத்தாக்கிக்கொண்டார். மனக்கணக்கு முழுவதும் இந்த வேலைதான், எண்ணை உடைப்பது, தோதாகச் சேர்ப்பது. எங்கே உடைக்கலாம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் வேகம் தன்னால் வரும். தெரியாத பிள்ளையை அவசரப்படுத்தினால் அது ஊகிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

சேர்த்து வைக்க வேண்டியவை

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. மாசி, பங்குனியில் புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வீடு தெருவுக்கு நாலு இருக்கும், அங்கே இருபது கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில் தேய்த்தால் கருப்புத் தோல் போய் வெள்ளை தெரியும், தாயம் உருட்டுவதற்குத் தேய்ப்போமே, அதே மாதிரி. பிள்ளைகளையே தேய்க்கவிடுங்கள். தேய்த்த சூட்டோடு பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து விளையாடுவார்கள், அதற்காகத் திட்டாதீர்கள்.

அடுத்தது முட்டை ட்ரே. 30 முட்டை ட்ரேயில் ஐந்து ஐந்தாக ஆறு வரிசை இருக்கும். இரண்டு வரிசைக்கு ஒரு துண்டாக வெட்டினால், மேலே ஐந்து குழி, கீழே ஐந்து குழி என்று பத்துக் குழித் துண்டு மூன்று கிடைக்கும். நான் சொல்லப்போகும் முக்கால்வாசிக் கணக்கு இந்தத் துண்டுகளில்தான் நடக்கிறது. இவை தவிர ஒரு கொட்டாங்குச்சி, கொஞ்சம் ஈர்க்குச்சி, ரப்பர் பேண்ட், தாயக்கட்டை, டப்பாவில் கொஞ்சம் சில்லறை. அவ்வளவுதான்.

எண்ணாமல் பார்ப்பது

மூன்று, நான்கு பொருள்வரை எண்ணாமலே பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியும், சின்னப் பிள்ளைகளுக்கும் இது வரும். அங்கிருந்து தொடங்குங்கள். மூன்று கொட்டையைத் தரையில் போட்டு ஒரு நொடி காட்டிவிட்டுக் கொட்டாங்குச்சியால் மூடுங்கள். "எத்தனை பார்த்தே?" அப்புறம் நான்கு. ஐந்து வரும்போது பிள்ளை தடுமாறும், அப்போது "எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். "இங்க ரெண்டு, அங்க மூணு" என்று சொன்னால் அந்தப் பிள்ளை ஐந்தை உடைத்துவிட்டது. கூட்டல் என்ற வார்த்தையை நீங்கள் இன்னும் வாயெடுத்துச் சொல்லவே இல்லை, அதற்குள் கூட்டல் வந்துவிட்டது.

ஐந்தைத் தாண்டியதும் ட்ரேத் துண்டுக்கு வாருங்கள். பங்குனி, சித்திரையில் தோப்பில் காற்றுக்கு உதிரும் மாம்பிஞ்சு எங்களுக்குக் கூடை கூடையாகக் கிடைக்கும், அதைத்தான் குழியில் வைப்போம். மேல் வரிசை முழுக்க ஐந்து, கீழே இரண்டு. ஏழு என்றால் "ஐந்தும் இரண்டும்" என்ற உருவம் மனசில் உட்கார வேண்டும், காலியாகக் கிடக்கும் மூன்று குழியும் அதோடு சேர்ந்து உட்கார வேண்டும். காலிக் குழியைப் பற்றியும் கேளுங்கள், அடுத்த கட்டம் முழுக்க அந்தக் காலிக் குழியில்தான் இருக்கிறது.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தடுக்காதீர்கள், அது பிள்ளைக்குக் கூடவே பிறந்த கருவி. ஆனால் ஏழு காட்டச் சொன்னால் ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு விரலாக நீட்டாமல், ஒரு கை முழுசாகவும் மறு கையில் இரண்டும் ஒரே சமயத்தில் காட்டப் பழக்குங்கள். "பட்டுன்னு ஏழு காட்டு, பட்டுன்னு ஒன்பது காட்டு" என்று விளையாட்டாக நடக்கட்டும். இப்படிப் பழகிய பிள்ளை கொஞ்ச நாளில் விரலைத் தானே விட்டுவிடும்.

பத்துக்கு ஜோடி

இதில்தான் நிறைய நாள் தங்க வேண்டும். நான் இரண்டாவது முறை தொடங்கியபோது இதில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தோம், ஒரு நாள்கூட வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

தேய்த்த கொட்டை பத்தைக் கையில் குலுக்கித் தரையில் போடுங்கள். வெள்ளை எத்தனை, கருப்பு எத்தனை? ஆறும் நாலும். மறுபடி போடுங்கள், ஏழும் மூன்றும். சின்னவன் முதல் வாரம் இரண்டையும் தனித்தனியாகத்தான் எண்ணினான். இரண்டாவது வாரம் ஒருநாள் வெள்ளையை மட்டும் எண்ணிவிட்டு, "எட்டு" என்று நிறுத்தி, தரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து "அப்போ கருப்பு ரெண்டுதான் இருக்கணும்" என்றான். இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கணும் என்றான். அந்த "இருக்கணும்" வருகிறவரைக்கும் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அப்புறம் ஒளித்து விளையாட்டு. பத்துக் கொட்டையைப் பிள்ளையே எண்ணிக் கொடுக்கட்டும். நீங்கள் சிலவற்றைக் கைக்குள் மறைத்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டுங்கள். "என் கைக்குள்ள எத்தனை?" சொன்னதும் கையைத் திறந்து காட்டுங்கள். சரியா தப்பா என்பதை உங்கள் கை சொல்லட்டும், உங்கள் முகம் சொல்ல வேண்டாம். பிறகு பிள்ளை ஒளிக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். எப்போதாவது வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், "இல்லம்மா, ஏழு வெளிய இருந்தா உள்ள மூணு" என்று திருத்தும்போது அது மனசில் ஆழமாகப் பதிகிறது.

பத்துக்கு மட்டும் இல்லை, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதுக்கும் இதே விளையாட்டு வேண்டும். இது தனி வேலை என்று தோன்றலாம், ஆனால் 8-ஐயும் 5-ஐயும் கூட்ட வேண்டுமானால் ஐந்தை இரண்டும் மூன்றுமாக உடைக்கத் தெரிந்திருக்க வேண்டுமே.

பெயருக்குள் இருக்கும் பத்து

தமிழில் எண்ணுவது இந்த இடத்தில் பெரிய உதவி. பதின்மூன்று என்ற பெயருக்குள்ளேயே பத்தும் மூன்றும் இருக்கிறது, இருபத்து மூன்றில் இரண்டு பத்தும் மூன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்று சொல்லும் பிள்ளைக்கு அதற்குள் பத்து இருப்பது காதில் விழாது. எங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய, அந்த மொழிகளிலும் பதின்மூன்றுக்குள் பத்து இருக்கிறது, அதனால் வீட்டில் எந்த மொழி ஓடுகிறதோ அதிலேயே எண்ணட்டும். ஆங்கில எண் பெயர்களைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

தமிழில் சிக்கல் ஒன்பதில்தான். தொண்ணூறு என்று கேட்டதும் பிள்ளைக்கு நூறு ஞாபகம் வருகிறது, தொள்ளாயிரம் என்றால் ஆயிரம். சின்னவன் எண்பத்தொன்பதுக்கு அடுத்து நேராக நூறுக்குத் தாவிக்கொண்டே இருந்தான். அதனால் கொஞ்ச நாள் "ஒன்பது பத்து" என்றே சொன்னோம், ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஒன்பது கட்டை அடுக்கி, "இது ஒன்பது பத்து, இதுக்கு இன்னொரு பேரு தொண்ணூறு." ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

பத்தை நிரப்பிக் கூட்டுவது

இரண்டு ட்ரேத் துண்டை எடுங்கள். ஒன்றில் எட்டுப் பிஞ்சு, இன்னொன்றில் ஐந்து. எட்டில் இரண்டு குழி காலி. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே வைத்தால் ஒரு துண்டு நிரம்பிவிடும், மற்றதில் மூன்று. பத்தும் மூன்றும் பதின்மூன்று. கையால் பத்துப் பதினைந்து நாள் செய்யட்டும். பிறகு பிஞ்சை வைத்துவிட்டு, தொடாமல், "எதை எங்க நகத்துவே?" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ட்ரேயைத் துணியால் மூடிவிட்டுக் கேளுங்கள். கடைசியில் ட்ரேயே இல்லாமல். கை, கண், மனசு என்ற இந்த வரிசையை எந்தப் புதுக் கணக்குக்கும் மாற்றாதீர்கள். நடுவில் பிள்ளை திணறினால் ஒரு படி இறங்கி மறுபடி துணியை விலக்கிக் காட்டலாம்.

இரட்டைகள் தனியாக வரட்டும். 6-ம் 6-ம் 12 என்பது பிள்ளைகளுக்குப் பாட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது தெரிந்தால் 6-ம் 7-ம் ஒன்று கூடுதல். ஒன்பதைக் கூட்ட வேண்டுமென்றால் பத்தைக் கூட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். விடை வந்ததும் "சபாஷ்" என்று முடித்துவிடாமல் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள், தப்பான விடைக்கும் அதே கேள்வி, அதே குரலில். பெரியவள் அதே "ஏழும் ஆறும்" கணக்குக்கு, டைமரை விட்டு நான்கு மாதம் கழித்து என்ன சொன்னாள் தெரியுமா? "ஏழுக்குள்ள ஒரு அஞ்சு, ஆறுக்குள்ள ஒரு அஞ்சு, அது பத்து. அப்புறம் ரெண்டும் ஒண்ணும் மூணு." நான் சொல்லித்தராத வழி அது. கை விரலில் இருந்து அவளே எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே கணக்குக்கு மூன்று வழி இருக்கலாம், எது தோதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

கழித்தலுக்குக் கடைக்காரர் வழி

63 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு ரூபாய் நோட்டு நீட்டினால் பழைய கடைக்காரர்கள் 100-லிருந்து 63-ஐக் கழிக்க மாட்டார்கள். 63 என்று சொல்லி இரண்டு ரூபாயைக் கையில் வைத்து "65", ஐந்தை வைத்து "70", முப்பதை வைத்து "நூறு". மீதி 37 உங்கள் கையில் இருக்கும். ஏறிப் போய்க் கழிப்பது இது. டப்பாவில் இருக்கும் சில்லறையை வைத்து வீட்டில் கடை போடுங்கள், பிள்ளை கடைக்காரராக உட்காரட்டும், நீங்கள் வாங்க வாருங்கள். யுபிஐ வந்த பிறகு பிள்ளைகள் கண் முன்னால் சில்லறை புழங்குவதே குறைந்துவிட்டது, அதனால் இதை நாம் வேண்டுமென்றேதான் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறையாவது ரொக்கம் கொடுத்து வாங்குங்கள், மீதியைப் பிள்ளை கையில் வாங்கி எண்ணட்டும்.

எப்போது ஏறிப் போவது, எப்போது எடுத்துவிடுவது என்பதையும் பேசுங்கள். 52-லிருந்து 48 என்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, 48-லிருந்து நாலடி நடந்தால் 52. 52-லிருந்து 5 என்றால் 2-ஐ எடுத்து 50, இன்னும் 3-ஐ எடுத்து 47. கணக்கைப் பார்த்ததும் வழியைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நொடி யோசனையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கு இடம் கொடுக்காமல் "சீக்கிரம் சொல்லு" என்று சொல்லிவிடாதீர்கள்.

பஸ்ஸில் போகும்போது கிலோமீட்டர் கல் நல்ல வாய்ப்பு. "கிருஷ்ணகிரி 41" என்று ஒரு கல் போனால், "38 வரும்போது எத்தனை கிலோமீட்டர் வந்திருப்போம்?" ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு இதைவிடச் சுவாரசியமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு இலக்கம்: இடமிருந்து

47-ம் 38-ம். காகிதத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, வலது பக்கம் ஒன்றில் தொடங்கி, மீதியை மேலே ஏற்றிக் கூட்டுவோம். மனசில் அது ஒத்துவராது. மனசில் பெரியதிலிருந்து, அதாவது இடது பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 40-ம் 30-ம் 70, 7-ம் 8-ம் 15, மொத்தம் 85. அல்லது 47-ஓடு 30 சேர்த்து 77, இன்னும் 8, 85. அல்லது 38-ஐ 40 ஆக்கிக்கொண்டு 87, கூடுதலாகச் சேர்த்த 2-ஐத் திருப்பிக் கொடுத்து 85.

இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு. எழுதிக் கூட்டும் முறையைச் சீக்கிரம் சொல்லித்தராதீர்கள். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம் 99-ம் 6-ம் என்று கேட்டுப் பாருங்கள், காற்றில் விரலால் எழுதி, "ஒன்பதும் ஆறும் பதினஞ்சு, மேலே ஒண்ணு" என்று தொடங்கும். ஒன்றை எடுத்து 99-க்குக் கொடுத்தால் நூறு என்பது கண்ணில் படாது. மனசில் இரண்டு இலக்கம் சரளமாக வந்த பிறகு எழுத்து முறையைக் காட்டுங்கள், இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார்கள். பெரியவளுக்கு எட்டு வயதில்தான் காட்டினேன், ஒரு குறையும் வரவில்லை.

பெருக்கலுக்குத் தோப்புக்குப் போகலாம்

வாய்ப்பாடு மனப்பாடம் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், ஆனால் முதலில் புரியட்டும். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, தக்காளிப் பாத்தி, எங்கே பொருள் வரிசையாக இருக்கிறதோ அங்கே பெருக்கல் இருக்கிறது. எங்கள் தோப்பில் ஒரு மூலையில் எட்டு எட்டு மரமாக ஏழு வரிசை இருக்கிறது. பெரியவள் அதைச் சுற்றி நடந்து முடித்து, ஐந்தாவது வரிசையில் நின்றுகொண்டு சொன்னாள், "இதுவரைக்கும் அஞ்சு எட்டு நாப்பது. இன்னும் ரெண்டு வரிசை, பதினாறு. அம்பத்தாறு." ஏழெட்டு அம்பத்தாறு என்று அதற்கு முன்பு பல தடவை ஒப்பித்திருக்கிறாள், இடையில் ஒரு தடவை விட்டுவிட்டால் மறுபடி ஓரெட்டு எட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இப்போது மறந்தாலும் ஐந்தாவது வரிசைக்குப் போய் நின்றுகொள்வாள்.

மரத்தைத் தோப்பின் இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் ஏழு எட்டு, அந்தப் பக்கத்திலிருந்து எண்ணினால் எட்டு ஏழு, மரம் அதேதான். அதனால் வாய்ப்பாட்டில் பாதி குறைந்தது. மிச்சத்திலும் இரண்டாம் வாய்ப்பாடு வெறும் இரட்டை, நான்காம் வாய்ப்பாடு இரட்டையின் இரட்டை. பத்து எளிது, ஐந்து என்பது அதில் பாதி, அதாவது 5×8 என்றால் 80-ல் பாதி. ஒன்பதுக்குப் பத்தைப் பெருக்கி ஒரு தடவையைக் கழிக்க வேண்டும், 9×7 என்றால் 70-லிருந்து 7 போக 63. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஒன்பது, பத்து எல்லாம் இப்படிப் போய்விட்டால் மிஞ்சுவது 3, 6, 7, 8 ஆகிய நான்கு எண்கள் தங்களுக்குள் பெருகுவதுதான். அது பத்தே பத்துக் கணக்கு: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. இந்தப் பத்தை ஒரு அட்டையில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு எடுத்துக்கொண்டால் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும்.

மூன்று, நான்கு மாதம் கழித்துப் பெரிய பிள்ளைக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர். பழைய முறையில் 10 மீட்டருக்கு ஒரு மாமரம் நட்டால் பத்து வரிசை, 100 மரம். இப்போது அடர் நடவு என்று 5 மீட்டருக்கு ஒன்று நடுகிறார்கள். இடைவெளி பாதியானால் மரம் எத்தனை ஆகும்? பெரியவள் உடனே 200 என்றாள். நான் சரி என்றோ தப்பு என்றோ சொல்லவில்லை, "கொட்டை வச்சுப் பார்" என்றேன். சின்ன அளவில் அடுக்கிப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்து, "அம்மா, வரிசையும் ரெண்டு மடங்கு, ஒவ்வொரு வரிசையில மரமும் ரெண்டு மடங்கு. நானூறு!" என்று கத்தினாள். ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரே ஒரு கணக்கு. அன்றைக்கு வேறு எதுவும் நடத்தவில்லை.

அரை, கால், முக்காலைப் படியிலும் ஆழாக்கிலும் காட்டுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எனவே அரைப் படி நான்கு, கால் படி இரண்டு, அரைக்கால் படி ஒன்று. கேழ்வரகை அளந்து கொட்டிக்கொண்டே பேசினால் போதும். அரைக்கால் என்றால் காலில் பாதி, எட்டில் ஒன்று. இந்தச் சொல்லை எங்கள் ஆயா தலைமுறை இன்னும் சாதாரணமாகப் புழங்குகிறது, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்

காலையில் பத்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். உட்காரவைத்துத்தான் கேட்க வேண்டும் என்றில்லை, பாத்திரம் கழுவும்போது, தண்ணீர் பிடிக்கும்போது, மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது ஒரு கணக்கு, ஒரு "எப்படி?", அவ்வளவுதான். பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் வீட்டில் இன்னும் வசதி, காலையில் ஐந்தரை லிட்டர், மாலையில் நாலரை லிட்டர், மொத்தம் எத்தனை என்று பிள்ளைதான் எங்கள் வீட்டில் அட்டையைப் பார்த்துச் சொல்கிறது.

மழை நாளில் தாயம். இரண்டு பித்தளைக் கட்டையில் ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று என்று நான்கு பக்கம். இரண்டும் வெற்றாக விழுந்தால் பன்னிரண்டு. எங்கள் வீட்டு ஆட்டத்தில் தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம், விழுந்ததையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு கடைசியில் எந்தக் காய்க்கு எதைக் கொடுப்பது என்று பிரிக்க வேண்டும். "ஆறு, பன்னெண்டு, மூணு... பன்னெண்ட இதுக்குக் குடுத்தா வெட்டலாம்" என்று எட்டு வயதுப் பிள்ளை யோசிக்கும்போது அது செய்வது அத்தனையும் மனக்கணக்கு. பல்லாங்குழியும் அப்படித்தான், பதினான்கு குழியில் ஐந்து ஐந்தாகப் போட்டால் எழுபது காய். எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே பார்க்கப் பழகுவார்கள்.

பிள்ளை கொட்டாவி விட்டாலோ, கண் கலங்கினாலோ, ஊகித்து ஊகித்துச் சொன்னாலோ நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் முந்தின படியிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை எல்லாவற்றையும் மறந்ததுபோல இருக்கும், பயப்பட வேண்டாம், இரண்டு நாள் கொட்டை உருட்டினால் திரும்பி வந்துவிடும்.

உறவுக்காரர்கள் வந்தால்

பள்ளிக்குப் போகாத பிள்ளை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் பரீட்சை வைப்பார்கள். "எங்க, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு பாக்கலாம்." அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் அத்தனை பேர் முன்னால் பிள்ளை நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். இப்போதெல்லாம் நானே முந்திக்கொள்கிறேன். "மாமா, பதினேழு நாலு எவ்வளவுன்னு கேளுங்க, அப்படியே எப்படிக் கண்டுபிடிச்சேன்னும் கேளுங்க." பெரியவள் "பத்து நாலு நாப்பது, ஏழு நாலு இருபத்தெட்டு, அறுபத்தெட்டு" என்று சொன்னதும் மாமா தனக்குத் தெரிந்த வழியைச் சொல்ல, பரீட்சை பேச்சாக மாறிவிடும்.

பிள்ளை எந்த அளவில் இருக்கிறது என்று ஒப்பிட்டுக்கொள்ள வேண்டுமானால் தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1 முதல் 3-ஆம் வகுப்புவரை 2022-ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தின் செயல்பாடுகளும் பார்க்கத் தகுந்தவை, நிறைய விளையாட்டுகள் இருக்கின்றன. படிப்பைப் பிற்பாடு எப்படி முடிப்பது என்ற கவலைக்கு ஒரு வரி: தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பில் சேரலாம். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது, 6 முதல் 14 வயதுவரைக்கானது அது. வீட்டுக்கல்வியில் இறங்கும் முன்பு அதைத் தமிழில் ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நாளைக்கே தொடங்குவதென்றால் காலையில் பிள்ளையோடு உட்கார்ந்து கொட்டை தேய்ப்பது மட்டும்தான் வேலை, கணக்கு எதுவும் கேட்க வேண்டாம். மறுநாள் ட்ரேயை வெட்டி மூன்று, நான்கு காய் வைத்து மூடித் திறந்து பாருங்கள். வார முடிவில் கொட்டை உருட்டுங்கள். பத்துக்கு அவசரப்படாமல் முதலில் ஐந்து கொட்டை, அது கை வந்ததும் ஏழு. வெள்ளை எத்தனை என்று பிள்ளை சொன்னதும் கருப்பைக் கொட்டாங்குச்சியால் மூடிவிட்டுச் சும்மா இருங்கள். விடை வரக் கொஞ்சம் நேரமாகும்.